ரீபூட் சுழலில் சிக்கிய என்800-ஐ மீட்ட கதை

2007-இல் வந்த நோக்கியா என்800 என்ற கையடக்க இணைய டேப்லெட்டை இன்னும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 128 எம்பி ராம்தான், ஆனால் உள்ளே ஓடுவது லினக்ஸ் அடிப்படையிலான மேமோ என்ற இயங்குதளம். கைக்குள் அடங்கும் கருவியில் டெர்மினலைத் திறந்து ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, நுழையலாம் என்பதே அப்போது பெரிய விஷயம், அந்தப் பிரியம் எனக்கு இன்னும் குறையவில்லை.

என்னுடையது லோகோ வரை வந்து மறுபடி மறுபடி ரீபூட் ஆனது. பேட்டரி நன்றாகவே இருந்தது. நான் நிறுவியிருந்த ஒரு மேப் நிரல் படங்களை உள்ளேயே சேமித்துக்கொண்டே போய் 256 எம்பி ஃபிளாஷ் நினைவகம் முழுவதையும் நிரப்பிவிட்டது. அதிலுள்ள ஜேஎஃப்எஃப்எஸ்2 கோப்பு முறைக்குப் பழையதை ஒழுங்குபடுத்தவே கொஞ்சம் காலி இடம் வேண்டும், அது இல்லாவிட்டால் கோப்பை அழிப்பதற்குக்கூடத் திணறும்; பூட் ஆகும்போது முக்கியமான நிரல் ஏதாவது விழுந்துவிட்டால் வாட்ச்டாக் என்ற கண்காணிப்பு அமைப்பு கருவியை மறுபடி ரீபூட் செய்துவிடும்.

அப்புறம் லினக்ஸ் கணினியில் கருவியில் இயங்குதளத்தைப் புதிதாக எழுதும் ஃபிளாஷர் நிரலை ரூட்டாக ஓட்டி, யூஎஸ்பி கேபிளை இணைத்து, ஹோம் பொத்தானை அழுத்தியபடியே கருவியை ஆன் செய்தேன், திரையில் யூஎஸ்பி சின்னம் வந்தது. மேமோவின் ஓஎஸ்2008 பதிப்பு முழுவதும் அடங்கிய இமேஜ் கோப்பை ஏற்றினேன், பூட் ஆகிவிட்டது. பேக்கப் எஸ்டி கார்டில் இருந்ததால் தொடர்புகள், அமைப்புகள் எல்லாம் திரும்பின. மேப் படங்கள் இப்போது இரண்டாவது கார்டில்தான்.