பிரிட்டிஷ்காரர் சொல்வதும் நினைப்பதும்: பேச்சு வழக்கைப் புரிந்துகொள்ள ஒரு செய்முறை

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டன் போகிற பலர், கொச்சைச் சொற்களின் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு விமானம் ஏறுகிறார்கள். அது அவ்வளவு அவசரமில்லை. ‘நேக்கர்ட்’ என்பது புரியாவிட்டால் கேட்டுவிடலாம். களைத்துப்போயிருப்பது என்று சொல்லிவிடுவார்கள். நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற சொற்கள்தாம் அங்கே காலை வாரும். ஆகவே அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: கேள்வி போல ஒலிக்கும் வணக்கம்

“யூ ஆல்ரைட்?” என்று ஒருவர் நடந்துகொண்டே கேட்டால், அவர் உங்கள் உடல்நலத்தை விசாரிக்கவில்லை. நீங்களும் “ஆல்ரைட்?” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். இடுப்புவலிக் கதையை எடுத்தால் மனிதர் திகைத்துப்போவார். ‘சியர்ஸ்’ சொல்ல மதுக்கோப்பை வேண்டியதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்குச் சொல்லும் நன்றியும் அதுதான். ‘டா’ என்றாலும் நன்றியே. யாரும் உங்களை மரியாதையில்லாமல் அழைத்துவிடவில்லை.

படி 2: அடக்கி வாசிப்பதை அளக்கப் பழகுங்கள்

கடினமான படி இது. நேரத்தை இங்கே செலவிடுங்கள். “நாட் பேட்” பெரும்பாலும் நல்ல பாராட்டு. “குவைட் குட்” என்பதோ ‘ஏதோ பரவாயில்லை’ என்ற அளவில் நின்றுவிடலாம். குரல் ‘குவைட்’ மீது அழுந்தினால் ஏதோ குறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “வித் ரெஸ்பெக்ட்” என்று பேச்சு தொடங்கினால் பின்னால் மறுப்பு வருகிறது. உங்கள் யோசனையைக் கேட்ட மேலாளர் “ஐ வில் பேர் இட் இன் மைண்ட்” என்றால், அந்த யோசனையின் கதை அநேகமாக முடிந்தது. “யூ மைட் வாண்ட் டு செக் தட்” என்று அவரே சொன்னால், கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு உடனே சரிபாருங்கள். “யூ மஸ்ட் கம் ரவுண்ட் சம்டைம்” என்பதை நம்பிப் பழத்தட்டோடு போய் நிற்காதீர்கள். நாளும் நேரமும் குறித்தால்தான் அது அழைப்பு.

இந்த அடக்கத்துக்குப் பெரிய விலை கொடுத்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியும் உண்டு. 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில், குளோஸ்டர்ஷயர் படையணியின் பட்டாலியன் ஒன்று சீனப் படைகளிடம் சிக்கிக்கொண்டது. பிரிகேடியர் டாம் பிரோடி தம் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை “அ பிட் ஸ்டிக்கி” என்றாராம். கொஞ்சம் சிரமம், சமாளித்துவிடுவார்கள் என்று அமெரிக்கர் எடுத்துக்கொண்டார். முடிவில் அந்த பட்டாலியனின் பெரும்பாலான வீரர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். ‘அ பிட்’ காதில் விழுந்தால் நிமிர்ந்து உட்காருங்கள்.

படி 3: பணம், நேரம், சாப்பாடு

‘குவிட்’ என்றால் பவுண்டு; பத்தானாலும் ‘டென் குவிட்’தான். ‘ஃபைவர்’ 5 பவுண்டு நோட்டு, ‘டென்னர்’ 10, ‘கிராண்ட்’ 1,000 பவுண்டு. “ஹாஃப் செவன்” ஏழரை மணி. வட இங்கிலாந்தில் பலருக்கு ‘டின்னர்’ மதியச் சாப்பாடு, ‘டீ’ மாலைச் சாப்பாடு. அங்கே யாராவது டீக்கு அழைத்தால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்.

படி 4: வெட்டி எறிந்த பாதியைத் தேடுங்கள்

கிழக்கு லண்டனில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய விளையாட்டு இது. ஒரு சொல்லுக்குப் பதிலாக அதனோடு ஒலி இயையும் தொடரை வைப்பார்கள்; பிறகு இயைபுள்ள பாதியையே வெட்டிவிடுவார்கள். ‘லுக்’ என்பதற்கு ‘புச்சர்ஸ் ஹூக்’. அதில் ஹூக் போய்விட, “ஹேவ் எ புச்சர்ஸ்” என்றால் ‘கொஞ்சம் பார்’. ‘ஹெட்’ என்பதற்கு ‘லோஃப் ஆஃப் பிரெட்’. “யூஸ் யுவர் லோஃப்” என்றால் மூளையைப் பயன்படுத்து. மாடிப்படிக்கு ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’ என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். என் கணிப்பில் அது இன்று பெரிதும் சுற்றுலாப் பயணிகளுக்கான சரக்கு.

படி 5: ஊரைக் கவனியுங்கள்

ஒரே சிறு வட்ட ரொட்டி மான்செஸ்டரில் ‘பார்ம்’, நாட்டிங்ஹாமில் ‘காப்’, கவென்ட்ரியில் ‘பேட்ச்’. நாட்டிங்ஹாம் கடைக்காரர் உங்களை ‘டக்’ என்பார். கிளாஸ்கோவில் பெண்களை ‘ஹென்’ என்பார்கள். வாத்து, கோழி என்று வைகிறார்களோ என முகம் சுளிக்க வேண்டாம், அன்பாகத்தான் சொல்கிறார்கள். லண்டன் இளைஞர் பேச்சில் ‘என்ன சேதி?’ என்ற பொருளில் கேட்கும் ‘வாக்வான்’ ஜமைக்காவிலிருந்து வந்தது. பழைய சிப்பாய்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோனவையும் உண்டு: ஒரு பார்வை பார்ப்பதைக் குறிக்கும் ‘டெக்கோ’ இந்தியின் ‘தேக்கோ’வேதான்; புத்தி தடுமாறுவதைக் குறிக்கும் ‘டூலாலி’, நாசிக் அருகே தேவ்லாலியில் இருந்த ராணுவ முகாமின் பெயர்.

படி 6: வாயைத் திறக்க அவசரப்படாதீர்கள்

முதல் சில மாதங்கள் கேட்பதோடு நிறுத்துங்கள். எந்தச் சொல்லை யார் யாரிடம் சொன்னார், என்ன குரலில் சொன்னார் என்று குறித்து வையுங்கள். ‘மேட்’ நண்பர்களுக்குள் சரி, நேர்முகத் தேர்வில் வேண்டாம். ‘பிஸ்ட்’ அமெரிக்காவில் கோபம், பிரிட்டனில் குடிபோதை. ‘பேண்ட்ஸ்’ பெரும்பாலான பகுதிகளில் உள்ளாடை. சக ஊழியரின் உடையைப் பாராட்டத் தோன்றினால் ‘ட்ரவுசர்ஸ்’ என்று சொல்லுங்கள்.