நான்கு ஞாயிறுகளில் ஒரு கிறிஸ்துமஸ்: கேக், முந்திரிக்கொத்து, நட்சத்திரம், குடில்

கிறிஸ்துமஸ் பலகாரங்களை வீட்டிலேயே செய்ய ஆசைப்படுகிற பலர் டிசம்பர் 22 அன்றுதான் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். 24 இரவு நள்ளிரவுத் திருப்பலிக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டுப் பெண்கள் நிற்கவே முடியாத அளவுக்குக் களைத்துப்போகிறார்கள். குமரி மாவட்டத்தில் எங்கள் வீட்டில் இந்த வேலைகள் கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, அதாவது நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறன்று தொடங்கிவிடும். நான்கு ஞாயிறுகளுக்கும் வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வீட்டில் ஒருவருடைய பொறுப்பாக ஆக்கிவிட்டால், பண்டிகை யாருக்கும் சுமையாக இராது. நான்காம் ஞாயிறு 24-ஆம் தேதியிலேயே வந்துவிடும் ஆண்டுகளும் உண்டு. 2023-இல் அப்படித்தான் வந்தது. அப்போது கடைசி ஞாயிற்றின் வேலைகளை அதற்கு முந்தைய நாள்களுக்கு நகர்த்திக்கொள்ள வேண்டும்.

முதல் ஞாயிறு, கேக்கிற்கான பழங்களை ஊறவைக்கும் நாள். உலர் திராட்சை, கறுப்பு திராட்சை, பேரீச்சை, செர்ரி, சர்க்கரையில் பதப்படுத்திய ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்ந்து 400 கிராம் இருக்கட்டும். பொடியாக நறுக்கி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு, 150 மில்லி ரம் ஊற்றி மூடிவைத்து, மூன்று நாளைக்கு ஒருமுறை உலர்ந்த கரண்டியால் கிளறிவிட வேண்டும். மது வேண்டாம் என்பவர்கள் திராட்சைச் சாறு பயன்படுத்தலாம். ஆனால் சாறு சில நாள்களில் புளித்துவிடும் என்பதால், கேக் செய்வதற்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் ஊறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே சரி.

இரண்டாம் ஞாயிற்றை நட்சத்திரத்துக்குக் கொடுங்கள். கடையில் மடித்து வைத்து விற்கும் நட்சத்திரத்தை வாங்கித் தொங்கவிட ஐந்து நிமிடம் போதும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் தம் கையால் கட்டிய நட்சத்திரம் வாசலில் எரியும்போது, தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி அதைக் காட்டுவார்கள். அந்தப் பெருமையை விலைக்கு வாங்க முடியாது. மூன்றடி நீள மூங்கில் பிளாச்சுகள் பத்து வேண்டும். ஐந்தைக் கொண்டு ஒரு நட்சத்திரமும் மற்ற ஐந்தைக் கொண்டு இன்னொன்றும் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சணல் கயிற்றால் இறுக்க வேண்டும். பிறகு நடுவில் பிளாச்சுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் அரையடிக் குச்சிகளை நிறுத்திக் கட்டினால் நட்சத்திரம் உப்பி நிற்கும். மைதாப் பசையால் கண்ணாடித்தாளை ஒட்டி, ஒரு பக்கத்தில் விளக்கு போடுவதற்கு வழி விடுங்கள். சூடேறாத எல்.இ.டி. விளக்கை மட்டுமே உள்ளே வையுங்கள். டிசம்பரில் எங்கள் பக்கம் மழை எந்த நேரமும் வரும் என்பதால், கூரையின் இறவாணத்துக்கு உள்ளே தள்ளித் தொங்கவிடுவது நல்லது.

மூன்றாம் ஞாயிறு கேக்கின் நாள். என் சிறுவயதில் வீட்டில் கேக் சுடும் ‘அவன்’ (oven) அடுப்பு கிடையாது. அம்மா மாவைக் கலந்து ஈயம் பூசிய பாத்திரத்தில் ஊற்றி, மேலே துணி போட்டு மூடி, தெருமுனை பேக்கரிக்கு எடுத்துப்போவார். அங்கே ரொட்டி சுட்டு முடித்த விறகு அடுப்பின் மீதிச் சூட்டில் அது வெந்து வரும். ஒரு கேக்கிற்கு நிதானமான, குறைந்த சூடுதான் வேண்டும் என்பதை நான் அங்கே நின்றுதான் கற்றேன்.

முதலில் 100 கிராம் சர்க்கரையை அடி கனமான பாத்திரத்தில் தண்ணீர் இல்லாமல் உருக்குங்கள். அது தேன் நிறத்தைத் தாண்டி, காப்பி டிகாக்‌ஷன் நிறத்தை நெருங்கி, லேசாகப் புகையும்போது அடுப்பை அணைத்து, 100 மில்லி வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அப்போது பாகு சீறித் தெறிக்கும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கவே கூடாது. நிறம் போதாமல் இறக்கினால் கேக் வெளுத்துப்போகும், கருகவிட்டால் கசக்கும். அறை வெப்பத்தில் இருக்கும் 250 கிராம் வெண்ணெயையும் 200 கிராம் பொடித்த சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்து, நான்கு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். முட்டை குளிர்ந்திருந்தால் கலவை திரிந்துவிடும். 250 கிராம் மைதாவுடன் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு சேர்த்து அரைத்த பொடி ஒரு தேக்கரண்டியும் சலித்து, ஆறிய பாகையும் மாவையும் மாற்றி மாற்றிக் கலக்குங்கள். ஊறிய பழங்களை வடித்து, இரண்டு கரண்டி மாவில் புரட்டிச் சேர்த்தால் அடியில் போய் உட்காராது. 9 அங்குல வட்டத் தட்டில் காகிதம் விரித்து ஊற்றி, அவனில் 160 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வேகவிட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அடுப்பின் கதவைத் திறக்காதீர்கள். ஆவல் தாளாமல் நாற்பதாவது நிமிடத்தில் நான் திறந்துபார்த்த ஆண்டு, கேக்கின் நடுப்பகுதி கிண்ணம்போலக் குழிந்துவிட்டது. நன்றாக ஆறிய கேக்கை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி டப்பாவில் வைத்தால், பண்டிகைக்குள் மசாலா வாசமும் பழச்சுவையும் உள்ளே இறங்கியிருக்கும்.

அதே ஞாயிறு மாலை, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலில் பசும்பயிராக வைப்பதற்கான கேழ்வரகை விதைக்க வேண்டும். துறவியான புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் இத்தாலியின் கிரெச்சியோவில் அமைத்த குடிலில் உண்மையான மாடும் கழுதையும் நின்றன. நம் வீட்டுக் குடிலில் உயிருள்ளதாக இந்தப் பயிராவது இருக்கட்டும். ஓர் இரவு ஊறிய தானியத்தை, மணலும் மக்கிய சாணமும் பரப்பிய தாம்பாளத்தில் தூவி, ஈரத்துணியால் மூடி, முளைத்ததும் துணியை எடுத்துவிடலாம். தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை வீட்டின் கடைக்குட்டியிடம் கொடுங்கள். குடிலை எப்போது கட்டினாலும், குழந்தை இயேசுவின் சுரூபத்தை நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த பிறகுதான் வைக்க வேண்டும்.

நான்காம் ஞாயிறு எண்ணெய்ச் சட்டிக்கு உரியது. பெயரில் முந்திரி இருந்தாலும் முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது. அரைக் கிலோ சிறுபயறை வாசம் வர வறுத்து, தோல் நீக்கி, ரவைபோல உடைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேங்காயின் துருவலைப் பொன்னிறமாக வறுத்து, எள்ளும் ஏலக்காயும் சேருங்கள். 400 கிராம் வெல்லத்தைப் பாகு காய்ச்சி, சூட்டோடு இவற்றில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே சிறு உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும் என்பதால் வீட்டில் உள்ள எல்லோரும் சுற்றி உட்கார்ந்தே ஆகவேண்டும். மறுநாள் பச்சரிசி மாவில் மஞ்சளும் உப்பும் கலந்து, தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து, மும்மூன்று உருண்டைகளாகத் தோய்த்து எண்ணெயில் சேர்த்துப்போட்டால், திராட்சைக் குலைபோல ஒட்டிக்கொண்டு பொரியும்.

கலகலா பிள்ளைகளின் பலகாரம். அரைக் கிலோ மைதா, 100 கிராம் சர்க்கரைப் பொடி, ஒரு முட்டை, 50 கிராம் உருக்கிய வெண்ணெய், சிட்டிகை உப்பு ஆகியவற்றைத் தேங்காய்ப்பாலில் பிசைந்து அரைமணி நேரம் மூடிவைத்து, கோலிக்குண்டு அளவு மாவை முள்கரண்டியின் முதுகில் அழுத்தி உருட்டினால் வரியோடிய சிப்பி கிடைக்கும். மிதமான தீயில்தான் பொரிக்க வேண்டும்.

24-ஆம் தேதி மாலை பங்கு வைக்கும் வேலை. தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் தந்த வீடுகளின் தூக்குகள் எங்கள் அலமாரியில் அதுவரை காத்திருக்கும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. ஒவ்வொரு தூக்கிலும் ஒரு துண்டு கேக், இரண்டு முந்திரிக்கொத்து, கை நிறையக் கலகலா வைத்துப் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புங்கள். சைவ வீடுகளுக்குப் போகும் தூக்கில் முட்டை சேர்ந்தவற்றை வைக்காமல் முந்திரிக்கொத்தை மட்டும் நிறைத்து அனுப்ப வேண்டும்.

ஜனவரி 6, மூவரசர் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்து, பயிரைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு, சுரூபங்களைப் பழைய வேட்டித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பரணில் ஏற்றுவோம். நட்சத்திரத்தின் தாளைக் கிழித்துவிட்டு, மூங்கில் கூட்டை மட்டும் அடுத்த டிசம்பருக்காகச் சுவரில் மாட்டிவைப்போம்.