பழைய நிரலுக்காகக் கமாண்ட் ப்ராம்ப்டை மாற்றும்போது செய்யக்கூடாதவை

பழைய கணக்கு நிரல் ஒன்றுக்காகக் கணினி முழுவதன் அமைப்பையும் மாற்றிவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோஸ் சாளரமான கமாண்ட் ப்ராம்ப்டின் தலைப்புப் பட்டையில் வலது கிளிக் செய்தால் வரும் டிஃபால்ட்ஸ், தனக்கென அமைப்பு இல்லாத எல்லாச் சாளரங்களையும் மாற்றும். அதே பட்டியலில் உள்ள ப்ராப்பர்ட்டீஸ் அப்படிச் செய்யாது. ஷார்ட்கட் வழியாகத் திறக்கும் நிரலின் நிறமும் அளவும் அந்த ஷார்ட்கட்டிலேயே பதிந்திருக்கும் என்பதால், டிஃபால்ட்ஸில் எத்தனை முறை மாற்றினாலும் அது அசையாமல் இருப்பதில் வியப்பில்லை.

நிறத்துக்கான 'கலர்' கட்டளையில் முதல் இலக்கம் பின்னணிக்கும் இரண்டாவது எழுத்துக்கும் உரியது. 'கலர் 17' என்றால் நீலப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து. 71 என்றால் தலைகீழ். இரண்டும் ஒன்றாக இருந்தால் கட்டளை நிறத்தை மாற்றாமல் பிழைக்குறியை 1 ஆக்கிவிடும். ப்ராப்பர்ட்டீஸில் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் திருத்தும்போது இன்னும் கவனம் வேண்டும். ஏனெனில் அங்கே மாறுவது 16 நிறத் தட்டில் உள்ள ஒரு கட்டம், அந்த எண்ணைப் பழைய நிரல் தன் திரையில் எங்கெல்லாம் பயன்படுத்துகிறதோ அங்கெல்லாம் நிறம் மாறிப்போகும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, தொடக்கக் கட்டளைகளை ரெஜிஸ்ட்ரியின் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளம்) 'ஆட்டோரன்' மதிப்பில் எழுதிவைப்பது. நீங்கள் திறக்கும் சாளரத்தில் மட்டுமன்றி, பிற மென்பொருள்கள் பின்னணியில் சிஎம்டியை (கமாண்ட் ப்ராம்ப்டை இயக்கும் நிரல்) அழைக்கும் ஒவ்வொரு முறையும் அது ஓடும். அதில் ஒரு வாழ்த்து வரி இருந்தால், வெளியீட்டைப் படிக்கும் பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) அந்த வரியையும் தரவாக எடுத்துக்கொள்ளும். கோப்புறையை மாற்றும் கட்டளை இருந்தால், வேலை வேறிடத்தில் நடந்து கோப்புகள் சிதறும். இதன் காரணத்தைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம் என்பதால் ஆட்டோரனை முற்றிலும் தவிர்க்கவே சொல்வேன். தேவையான கட்டளைகளை ஒரு பேட்ச் ஃபைலில் எழுதி, ஷார்ட்கட்டின் டார்கெட்டில் சிஎம்டியுடன் '/கே' (கட்டளைகள் முடிந்தபின் சாளரத்தைத் திறந்தே வைக்கும் குறி) சேர்த்து அழைத்தால் போதும். ஏற்கெனவே உள்ள ஆட்டோரன் குறுக்கிடுகிறதா என்று அறிய, சிஎம்டியை '/டி' (ஆட்டோரனைத் தவிர்க்கும் குறி) சேர்த்துத் திறந்து பாருங்கள்.

விண்டோஸ் 10 சாளரத்தின் இயல்பளவு 120 பத்தி, 30 வரி. 80க்கு 25 என எழுதப்பட்ட நிரலின் கட்டங்கள் அதில் இடம் மாறித் தெரிந்தால், ப்ராப்பர்ட்டீஸின் லேஅவுட் பக்கத்தில் சாளரம், பஃபர் (உருட்டிப் பார்க்கக்கூடிய மொத்தப் பரப்பு) இரண்டையும் 80க்கு 25 ஆக்குங்கள்.

32 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) நிரல்களுக்கான பொதுக் கோப்புகளான கான்ஃபிக்.என்டி, ஆட்டோஎக்ஸெக்.என்டி ஆகியவற்றை நேரடியாகத் திருத்தாமல், நகல் எடுத்து அந்த நிரலின் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்ட் பொத்தான் வழியாக நகலைக் காட்டுவதே முறை. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடவே ஓடா. அங்கே டாஸ் சூழலைப் போலச் செயல்படும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருள் ஒன்றை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பின் ஆட்டோஎக்ஸெக் பகுதியில் தொடக்கக் கட்டளைகளை எழுத வேண்டும்.