இலங்கை மலையகத்துக்குப் புதுசா வர்றீங்களா? ஆஸ்பத்திரியில வலி மருந்து விஷயத்துல இதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க

தமிழ்நாட்டுல இருந்து ஹட்டன், நுவரெலியா, பதுளைன்னு கல்யாணம் ஆகி வர்றவங்க, ஹோட்டல் வேலைக்கு வர்றவங்க எல்லாரும் என்கிட்ட கேக்குறது வீசா, வாடகை வீடு, பேங்க் அக்கவுண்ட், பிள்ளைங்க ஸ்கூல் இதுங்கதான். அதுக்கெல்லாம் சொல்ல பத்து பேர் இருக்காங்க. ஆஸ்பத்திரியில படுத்தா வலி மருந்து விஷயத்துல எப்படி நடந்துக்கணும்னு யாரும் கேக்குறதும் இல்ல, சொல்றதும் இல்ல. என் தம்பி சாகக் கிடந்தது அந்த ஒரு விஷயத்துலதான்.

பொதுவா தெரிஞ்சுக்க வேண்டியதை வேகமா சொல்லிடுறேன். அவசரம்னா 1990க்கு அடிங்க, சுவசெரிய ஆம்புலன்ஸ், காசு கிடையாது, 2016ல இந்தியா குடுத்த உதவியில ஆரம்பிச்சது. டிக்கோயாவுல கிளங்கன் ஆஸ்பத்திரியும் நம்ம நாட்டு உதவியில கட்டினதுதான், 2017ல திறந்தாங்க. அதைத் தாண்டினா நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை பெரியாஸ்பத்திரிங்க. சின்ன காய்ச்சல் தலைவலின்னா ஓபிடியில, அதாவது வெளிநோயாளிங்களைப் பாக்குற இடத்துல, துண்டு எடுத்து வரிசையில நிக்கணும், தொடர்ந்து பாக்குற வியாதின்னா கிளினிக் கொப்பி, அதாவது நோட்டு, போடுவாங்க, அதைத் தொலைக்காதீங்க. பாஸ்போர்ட் காப்பி ஒண்ணு எப்பவும் பைக்குள்ள இருக்கட்டும். ஸ்பெஷலிஸ்ட்டை தனியா பாக்கணும்னா சேனல் பண்ணணும், அதாவது காசு கட்டி முன்னாடியே நேரம் பதிஞ்சுக்கணும். இவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல ஆஸ்பத்திரியில ஒருத்தரை சேர்த்தா கூட ஒரு ஆள் பாய் போட்டு உக்காந்திருப்போம். அவருக்கு என்ன ஆகாது, ராத்திரி என்ன மாத்திரை குடுத்தாங்க, எல்லாம் அந்த கூட இருக்கிற ஆளுக்குத்தான் தெரியும். இங்க அரசாங்க வார்டுல அது நடக்காது. மத்தியானம் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் பாக்க விடுவாங்க, நேரம் முடிஞ்சதும் வெளிய போங்கன்னு சொல்லிடுவாங்க. ரொம்ப முடியாதவங்கன்னா கேட்டுப் பாத்து ஒருத்தர் நிக்கலாம், அதுவும் அவங்க விட்டாதான். அதனால ராத்திரி படுக்கையில கிடக்கிறவரே தனக்காக பேசணும், இல்லன்னா அவரு கையில இருக்கிற பேப்பர் பேசணும்.

என் தம்பி நுவரெலியாவுல ஒரு ஹோட்டல் கிச்சன்ல வேலைக்கு வந்தான். அந்த ஊரு குளிர்லயும் மழையிலயும் பின்வாசல் சிமெண்ட் படியில பாசி பிடிச்சு கிடக்கும், சாமான் தூக்கிட்டு வந்தவன் வழுக்கி விழுந்து முன்னங்கை எலும்பு முறிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. அட்மிஷன்ல மருந்து ஏதாவது ஒத்துக்காதான்னு கேட்டிருக்காங்க, அவனும் சரியாத்தான் சொல்லியிருக்கான், வோவரான் ஊசி போட்டா மூச்சு முட்டும்னு. கோயம்புத்தூர்ல ஒருதடவை பல்லு எடுத்தப்ப அந்த ஊசி போட்டு மூஞ்சி வீங்கி பெரிய பாடு பட்டான், அங்க குடுத்த சீட்டுலயும் வோவரான்னு மட்டும்தான் எழுதியிருந்தாங்க, உள்ள இருக்கிற மருந்து என்னன்னு அவனுக்கு ஒருத்தரும் சொல்லல. இங்க அந்த பிராண்டை யாருக்குத் தெரியும்? அது ஏதோ இந்திய ஊசின்னு விட்டுட்டாங்க. ராத்திரி வலி தாங்காம முனகினவனுக்கு, டிக்கட்டுல, அதாவது டாக்டருங்க நோயாளியைப் பத்தி எழுதி வைக்கிற வார்டு குறிப்புல, எழுதியிருந்தபடி டைக்ளோஃபெனக் சப்போசிட்டரி, அதாவது பின்வழியா வைக்கிற மருந்து, வச்சிருக்காங்க. வோவரான்னா டைக்ளோஃபெனக்தான். ரெண்டும் ஒண்ணு.

கொஞ்ச நேரத்துல உதடு தடிச்சு, நெஞ்சுல விசில் மாதிரி சத்தம், பேச்சே வரல. பக்கத்து கட்டில்ல இருந்த தோட்டத்து தாத்தா ஒருத்தர்தான் தன்னோட எவர்சில்வர் டம்ளரால கட்டில் கம்பியில டங்கு டங்குன்னு அடிச்சு, "மிஸ், மிஸ், பையன் மூச்சு விட முடியாம கிடக்கான்"னு கத்தியிருக்காரு. மிஸ், இங்க நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவாங்க, ஓடி வந்து பாத்த உடனே தொடையில அட்ரினலின் ஊசி, ஆக்சிஜன், டாக்டருக்கு போன். அந்த மிஸ்ஸும் அந்த தாத்தாவும் இல்லன்னா என் தம்பி இல்ல. காலையில நான் போறப்ப கண்ணு ரெண்டும் வீங்கி, என்னைப் பாத்து "அக்கா, நான் சொன்னேன்க்கா, சொன்னேன்"னான். சொன்னவனை யாரும் காது குடுத்து கேக்கலயேங்கிற கோவம் எனக்கு இன்னும் ஆறல. இது என்ன மருந்துன்னு அங்கேயும் இங்கேயும் யாராவது ஒருத்தர் ஒரு நிமிஷம் நின்னு தேடியிருக்கலாம்.

அதனால முதல் வேலை, உங்க மாத்திரையோட உள் பேரைத் தெரிஞ்சுக்கங்க. டோலோ 650ன்னா பாரசிட்டமால் 650 மில்லிகிராம். காம்பிஃப்ளாம்ன்னா ஐபுபுரோஃபென் 400, பாரசிட்டமால் 325. செரோடால் பி-ன்னா அசிக்ளோஃபெனக், கூட பாரசிட்டமால். மெஃப்டால் ஸ்பாஸ்ன்னா மெஃபனாமிக் ஆசிட், டைசைக்ளோமின். அல்ட்ராசெட்ன்னா டிரமடால், பாரசிட்டமால். மாத்திரை அட்டையிலேயே பொடி எழுத்துல இருக்கும், போன்ல போட்டோ எடுத்து பெருசாக்கிப் பாருங்க. இங்க டாக்டருங்களுக்கு பிராண்டை விட உள் பேர்தான் பழக்கம், அதுக்கு காரணம் இருக்கு. பேராசிரியர் சேனக பிபிலேன்னு ஒருத்தர், பேராதனை மருத்துவ பீடத்தை நடத்தினவர், மருந்தை கம்பெனி பேருல இல்லாம அதோட சொந்தப் பேருல வாங்கணும், எழுதணும்னு நின்னவரு. 1971ல அரச மருந்துக் கூட்டுத்தாபனம் வந்தது அவரு முயற்சியிலதான், கண்டி டவுன்ல பாக்குற ஒசுசல பார்மசி அதோடதுதான். எனக்கு அந்த மனுஷன் மேல பெரிய மரியாதை, ஏழை ஜனங்க கைக்கு எட்டுற விலையில மருந்து கிடைக்கணும்னு நினைச்சவரு. நம்ம பக்கம்தான் பிராண்ட் பேரை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம்.

அடுத்தது கார்டு. ஒரு சின்ன அட்டையில இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல எழுதுங்க: மருந்தோட உள் பேர், அது போட்டப்ப என்ன ஆச்சு, எந்த வருஷம். "அலர்ஜி"ன்னு மட்டும் எழுதினா பத்தாது. மூச்சு முட்டினதா, உடம்பு தடிச்சதா, வயித்தெரிச்சலான்னு பிரிச்சு எழுதணும். வயித்தெரிச்சல் வந்ததை எல்லாம் அலர்ஜின்னு சொல்லிட்டா பிறகு நிஜமாவே தேவைப்படுறப்ப அந்த மருந்தைத் தரமாட்டாங்க, வயித்துக்கு ஒரு மாத்திரை சேத்து குடுத்து சமாளிச்சிருக்கலாம். டைக்ளோஃபெனக் போட்டு மூச்சு முட்டினவங்களுக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், மெஃபனாமிக் ஆசிட் எல்லாமே அதே வேலையைக் காட்டலாம், அதனால அந்த கூட்டத்துக்கே பேரு என்.எஸ்.ஏ.ஐ.டி.ன்னு அதையும் எழுதுங்க. ஆஸ்துமா, கிட்னி கோளாறு, அல்சர், கர்ப்பம், ரத்தம் உறையாம இருக்க சாப்பிடுற மாத்திரை, இதுல எது இருந்தாலும் கார்டுல வரணும். அட்மிட் ஆகுறப்ப கார்டை காட்டி, டிக்கட்டோட முதல் பக்கத்துல சிவப்பு மையில எழுதச் சொல்லி கேளுங்க, கண்ணால பாத்துட்டு நகருங்க.

ஊசி ஆகாதுன்னா மாத்திரை பரவாயில்லன்னு நினைக்கிறவங்க நிறைய பேரு. அப்படி கிடையாது, அதே மருந்து ஊசியா, மாத்திரையா, பின்வழி மருந்தா, தடவுற ஜெல்லா எப்படியும் வரும். எது குடுத்தாலும் வாங்குறதுக்கு முன்னாடி "மிஸ், இது என்ன மருந்து?"ன்னு கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சாலும் கேளுங்க. தமிழ் தெரியாத மிஸ்ஸா இருந்தா "மே மொன பெஹெதத?"ன்னு கேக்கலாம். ரொம்ப வலிக்குதுன்னா "கொடக் ரிதெனவா". மூச்சு விட கஷ்டம்னா "ஹுஸ்ம கன்ன அமாருய்". இந்த மூணும் எழுதி தலகாணிக்கு கீழ வச்சிக்கங்க.

வலின்னு சும்மா சொன்னா நடக்காது. இருமினா குத்துதா, திரும்பிப் படுக்க முடியலயா, தூக்கமே இல்லயா, பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க. காலையில டாக்டருங்க ரவுண்ட் வர்றப்பவே ராத்திரி வலிச்சா குடுக்க ஏதாவது டிக்கட்டுல எழுதி வைங்கன்னு கேட்டுடுங்க, ஏன்னா டாக்டர் எழுதாததை ராத்திரி டியூட்டி மிஸ் குடுக்க முடியாது, அவங்களைத் திட்டி பிரயோஜனம் இல்ல. நம்ம ஆளுங்க, முக்கியமா பொம்பளைங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு கிடப்பாங்க. என் மாமியார் முப்பது வருஷத்துக்கு மேல கொழுந்து பறிச்சவங்க, தோள்பட்டை தூக்க முடியாது, ஆஸ்பத்திரியில கேட்டா "பரவால்லங்க, சும்மா லேசா"ன்னுவாங்க, வீட்டுக்கு வந்து சித்தாலேப தைலத்தைத் தடவிட்டு அழுவாங்க. எனக்கு வயிறு எரியும் அதைப் பாத்தா. தோட்டத்து ஆளுங்க தாங்குவாங்கன்னு மத்தவங்க நினைக்கிறது ஒரு பக்கம், இவங்களே தாங்கிக் காட்டுறது இன்னொரு பக்கம். எங்க தாத்தா பாட்டி, தோட்டத் தமிழருங்களை இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல, இங்க தலவாக்கலையில இருந்து கோத்தகிரிக்கு போனவங்க, அவங்களும் இப்படித்தான் இருந்தாங்க.

பாரசிட்டமால் கணக்கு இன்னொண்ணு. இங்க பெட்டிக்கடையிலயும் பனடோல் கிடைக்கும், ஒண்ணு 500 மில்லிகிராம், பெரியவங்க ரெண்டு போடுவாங்க. நல்ல எடை இருக்கிற பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை, அதாவது எட்டு பனடோல், மெலிஞ்ச உடம்புக்காரங்க, ஈரல் கோளாறு உள்ளவங்க, குடிக்கிறவங்களுக்கு அதுக்கும் கம்மி, டாக்டர்கிட்ட கேக்கணும். ஓபிடியில மாத்திரையை அட்டை இல்லாம சின்ன பேப்பர் கவர்ல போட்டு குடுப்பாங்க, பேர் எழுதலன்னா எழுதி வாங்குங்க. இல்லன்னா அந்த வெள்ளை மாத்திரையும், ஊர்ல இருந்து கொண்டு வந்த டோலோவும், கடை பனடோலும் மூணும் ஒரே மருந்துன்னு தெரியாம போட்டு ஈரலைக் கெடுத்துக்குவீங்க.

காய்ச்சலோட உடம்பு வலின்னா இன்னும் கவனம். கண்டி பக்கம் டெங்கு இருக்கு, கொழும்பு போயிட்டு வந்தவங்களும் கொண்டு வருவாங்க. டெங்குல எலும்பே முறியிற மாதிரி வலிக்கும், ஊசி போடுங்கன்னு கெஞ்சத் தோணும். டெங்கு இல்லன்னு தெரியிற வரைக்கும் பாரசிட்டமால் மட்டும்தான். டைக்ளோஃபெனக், ஐபுபுரோஃபென், மெஃபனாமிக் ஆசிட், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், ரத்தக்கசிவு ஆகலாம். உங்க கைப்பையில இருக்கிற காம்பிஃப்ளாமும் மெஃப்டாலும் இதுல சேர்த்திதான்.

டிரமடால் குடுத்தா வலிப்பு நோய் இருக்கா, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களான்னு நீங்களா சொல்லிடுங்க, ரெண்டும் அதோட ஒத்துப் போகாம போகலாம். போட்டுட்டு இந்த வளைவு ரோட்டுல வண்டி ஓட்டாதீங்க, சாராயமும் கூடாது. கேன்சர் வலிக்கு மோர்ஃபின் எழுதினா பயந்து மறுக்காதீங்க, டாக்டர் சொன்ன அளவுல எடுத்தா நிம்மதியா தூங்கலாம். மலச்சிக்கல் வரும், அதுக்கும் சேத்து மருந்து கேளுங்க.

துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் பண்ணி, வீட்டுக்கு அனுப்புறப்ப என்ன நோய், என்ன வைத்தியம்னு எழுதின டயக்னோசிஸ் கார்டு குடுப்பாங்க. ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருந்தா அதுல உள் பேரோட எழுதியிருக்கான்னு வார்டுக்குள்ள நின்னே வாசிங்க, இல்லன்னா எழுதி வாங்காம வெளிய வராதீங்க. தம்பியோட கார்டுல முதல்ல எழுதல, நான் திரும்பிப் போய் கேட்டப்புறம்தான் டாக்டர் "டைக்ளோஃபெனக்"னு எழுதி சைன் பண்ணாரு. அதை போட்டோ எடுத்து எனக்கு, வீட்டுக்காரருக்கு, அவன் ஹோட்டல் மேனேஜருக்கு, கோத்தகிரியில அம்மாவுக்கு அனுப்பி வச்சிருக்கோம், ஒரிஜினலை லேமினேட் பண்ணி அவன் பர்ஸ்ல வச்சிருக்கான்.