சி.ஆர்.பி. ஏறினால் மூலத்தைத் தேடுங்கள்: சிறுநீரக நோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுநீரகப் பிரிவுக்கு ஒவ்வொரு ஆண்டும் புது முகங்கள் வருகின்றன. பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள், டயாலிசிஸ் டெக்னீஷியன்கள், நோயாளியோடு முதல் முறை வந்து திகைத்து நிற்கும் வீட்டார். தவறுகள் மட்டும் பழையவை. எங்கள் தலைமுறை செய்தவையேதான். உப்பைக் குறைப்பது, சிகரெட்டை விடுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது பற்றி இங்கே எழுதவில்லை. அவை எல்லாருக்கும் தெரியும்.

எல்லார் கண்ணும் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் மேலேயே இருக்கிறது. ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் டயாலிசிஸ் வரை போகிறவர்களைவிட, அதற்கு முன்பே இதய, ரத்தக் குழாய் நோயால் இறப்பவர்கள்தான் அதிகம். நீண்ட காலம் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ரத்தக் குழாய் அடைப்பு வேகமாக வருகிறது என்று அமெரிக்காவின் சியாட்டிலில் லிண்ட்னரும் சகாக்களும் 1974-லேயே எழுதிவிட்டார்கள். கொழுப்பும் ரத்த அழுத்தமும் மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. சிறுநீரகம் பழுதானால் வெளியேற வேண்டிய நச்சுகள் ரத்தத்திலேயே தங்குகின்றன. குடலின் உட்சுவர் பலவீனமாகி, கிருமிகளின் கழிவு ரத்தத்தில் கசிகிறது. உப்பும் நீரும் வேறு தேங்குகின்றன. உடம்பு ஓயாத அழற்சியில் இருக்கிறது. அதை ரத்தப் பரிசோதனையில் காட்டும் புரதம்தான் சி.ஆர்.பி. உடல் மெலிவு, அழற்சி, ரத்தக் குழாய் அடைப்பு மூன்றும் ஒரே ஆளிடம் கைகோத்து வருவதை 1999-இல் ஸ்வீடனின் ஸ்டென்வின்கெல் குழு எடுத்துக் காட்டியது.

“டயாலிசிஸ்னா சி.ஆர்.பி. அப்படித்தான் இருக்கும்”

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை சி.ஆர்.பி. கூடுதலாக இருப்பது உண்மைதான். பலருக்கு இருக்கிறது என்பதற்காக அது இயல்பாகிவிடாது.

வேறொரு மையத்திலிருந்து எங்களிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். இடது கையில் நல்ல ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்), டயாலிசிஸில் குறையில்லை. ஆனால் ஹீமோகுளோபின் 7-ஐத் தாண்டவே இல்லை. ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்டின் ஊசியின் அளவை ஏற்றிக்கொண்டே போயிருந்தார்கள். குடும்பம் நகையை அடகு வைத்து ஊசி வாங்கியது. ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம் 2.8 என்பதால் தினமும் முட்டை வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆயிரத்துக்கு மேல் இருந்ததால் இரும்புச்சத்து போதும் என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக ஒரு பதில். சி.ஆர்.பி. மட்டும் மாதா மாதம் 50, 60 என்று ஃபைலில் ஏறிக்கொண்டே இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. இதற்கிடையே அவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட்டும் வைத்தாகிவிட்டது.

அவருடைய வலது கையில் முன்பு டயாலிசிஸுக்காக வைத்து, ரத்தம் உறைந்துபோய், கைவிடப்பட்ட செயற்கைக் குழாய் ஒன்று இருந்தது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. அறுவை சிகிச்சை செய்து எடுத்தபோது உள்ளே சீழ். எடுத்த சில வாரங்களில் சி.ஆர்.பி. இறங்கியது. குறைந்த அளவு ஊசியிலேயே ரத்தம் ஏறத் தொடங்கியது.

அந்த எண்கள் எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. உடம்பில் எங்கோ அழற்சி இருந்தால், இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைகள் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் சி.ஆர்.பி.யைக் கூடுதலாகச் செய்கிறது, அல்புமினைக் குறைத்துச் செய்கிறது. ஹெப்சிடின் என்ற புரதம் கூடி, இரும்பைக் கிடங்கிலேயே பூட்டிவிடுகிறது. அதனால் ஃபெரிட்டின் உயர்ந்து தெரியும். ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவோ 20 சதவீதத்துக்குக் கீழே கிடக்கும். எலும்பு மஜ்ஜை ஊசிக்குச் செவி சாய்க்காது. இதே அழற்சிதான் ரத்தக் குழாயின் உட்சுவரையும் அரிக்கிறது. ரத்தம் ஏறாதது கண்ணுக்குத் தெரிகிறது, குழாய் கெடுவது தெரிவதில்லை.

அதனால் சி.ஆர்.பி. இரண்டு முறை தொடர்ந்து கூடுதலாக வந்தால் நோயாளியை முழுதாகப் பாருங்கள். சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். டயாலிசிஸ் கதீட்டர் (கழுத்தில் போடும் குழாய்) நுழையும் இடம், பழைய செயற்கைக் குழாய், தோற்றுப்போய் உள்ளேயே இருக்கும் மாற்றுச் சிறுநீரகம். வாயைத் திறந்து ஈறுகளைப் பாருங்கள். பல் மருத்துவரிடம் அனுப்பப் பலரும் மறக்கிறோம். சாக்ஸைக் கழற்றிக் கால் விரல் இடுக்குகளைப் பாருங்கள். நம் ஊரில் காசநோயை மறந்தால் மன்னிப்பே இல்லை. டயாலிசிஸ் நோயாளிக்கு அது இருமலும் சளியுமாக வர வேண்டும் என்பதில்லை. கழுத்து நெறிக்கட்டியிலோ வயிற்றிலோ ஒளிந்திருக்கும். ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை எப்போது செய்தது என்று கேளுங்கள். ஒரே ஷிஃப்டில் பலருக்குச் சேர்ந்தாற்போல் சி.ஆர்.பி. ஏறினால், நோயாளிகளை விட்டுவிட்டு டயாலிசிஸுக்குப் பயன்படும் ஆர்.ஓ. தண்ணீரின் எண்டோடாக்சின் (கிருமி நச்சு) ரிப்போர்ட்டைக் கேளுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் ட்ரை வெயிட்டை (தேங்கிய நீர் போனபின் இருக்க வேண்டிய எடையை) திரும்பக் கணக்கிடுங்கள். உடம்பில் தேங்கிய நீரே அழற்சியைத் தூண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சி.ஆர்.பி. கூடுதல் என்ற ஒரே காரணத்துக்காக, எங்கே என்று தேடாமல் ஆன்டிபயாடிக் எழுதுவது. காய்ச்சலோ குளிர்நடுக்கமோ இருந்தால் உடனே மருந்து தொடங்க வேண்டும், ஆனால் முதலில் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை) எடுத்துவிட்டு.

அழற்சியையே நேரடியாக மருந்தால் அடக்க முடியாதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கனகினுமாப் என்ற மருந்து கொழுப்பைக் குறைக்காமலே மாரடைப்பைக் குறைத்ததை 2017-இல் ‘கேன்டோஸ்’ ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், மருந்து பெற்றவர்களிடம் உயிரைப் பறிக்கும் தொற்றும் கூடியது. உள்ளே சீழை வைத்துக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசியுங்கள்.

கொழுப்பு குறைவு என்று மகிழ்வது

டயாலிசிஸ் நோயாளிக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 120 என்று வந்தால் வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். மெலிவாலும் அழற்சியாலும் கொலஸ்ட்ரால் இறங்கும். 2004-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இவை இருந்த நோயாளிகளிடம் கொலஸ்ட்ரால் குறைந்தவர்களே கூடுதலாக இறந்தார்கள். இவை இல்லாதவர்களிடம் வழக்கம்போல் கொலஸ்ட்ரால் கூடக்கூட ஆபத்தும் கூடியது.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தில் காலம்தான் முக்கியம். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு புதிதாக ஆரம்பித்ததில் ‘4டி’ (2005), ‘அரோரா’ (2009) இரண்டு ஆய்வுகளிலும் தெளிவான பலன் கிடைக்கவில்லை. 9,000 பேருக்கு மேல் சேர்ந்த ‘ஷார்ப்’ (2011) ஆய்வில் பெரும்பாலோர் டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள். அதில் சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் எஸெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தும் சேர்ந்து அடைப்பு சார்ந்த பெரிய பாதிப்புகளை 17 சதவீதம் குறைத்தன. ஆகவே 50 வயதைத் தாண்டிய சிறுநீரக நோயாளிக்கு முன்கூட்டியே தொடங்குங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவர் டயாலிசிஸுக்கு வந்துவிட்டார் என்பதற்காக நிறுத்தாதீர்கள்.

வலி மாத்திரை

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைகள் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மஞ்சள் காப்ஸ்யூலும் வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படியும். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி நான் சொல்லவில்லை.

கால் ரத்த ஓட்டம் ‘நார்மல்’ என்று நம்புவது

சிறுநீரக நோயில் தமனியின் நடுச்சுவரில் கால்சியம் படிந்து குழாய் இறுகிவிடும். இறுகிய குழாயை ரத்த அழுத்தப் பட்டையால் நசுக்க முடியாது. அதனால் கணுக்கால், கை அழுத்த விகிதம் 1.4-க்கு மேல் வரும். அது நல்ல ஓட்டத்தின் அடையாளம் இல்லை. 1.1 என்று இயல்பாக வந்தாலும், ஆறாத புண் இருந்தால் கால் பெருவிரலின் அழுத்தத்தை அளந்து பாருங்கள். விரல் தமனிகள் அவ்வளவாக இறுகுவதில்லை.

கால்சியம் மாத்திரையை அள்ளிக் கொடுப்பது

பாஸ்பரஸ் கூடுதலாக இருக்கிறது என்று கால்சியம் மாத்திரையின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். அது மேலே சொன்ன குழாய் இறுகலுக்குத் துணைபோகலாம்.

நெஞ்சுவலிக்காகக் காத்திருப்பது

பலருக்கு நெஞ்சுவலியே வராது. படிக்கட்டில் மூச்சு வாங்குவது, டயாலிசிஸ் நடுவே அடிக்கடி பி.பி. விழுவது, காரணமில்லாத களைப்பு, இவைதான் வரும். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் இவர்களுக்கு எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஒரு எண்ணை வைத்து மாரடைப்பு என்றோ இல்லை என்றோ சொல்லாதீர்கள். சில மணி நேரம் கழித்துத் திரும்ப எடுத்து, ஏறுகிறதா என்று பாருங்கள்.

கழுத்து லைனோடு (கதீட்டரோடு) காலம் தள்ளுவது

ஃபிஸ்டுலா முதிர மாதக்கணக்கில் ஆகும். டயாலிசிஸ் நெருங்குகிறது என்று மருத்துவர் சொன்ன நாளிலேயே அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். அதுவரை, எழுதாத கையில் ரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ யாரையும் விடாதீர்கள். புறங்கை நரம்பில் எடுக்கச் சொல்லுங்கள்.