வைஃபையில் ஓடும் தளம் தோட்டத்து லயத்தில் ஓடுமா?

போன வாரம் ஹட்டனில் தொழில் பழக வந்திருக்கும் ஒரு தம்பி, தான் செய்த முதல் இணையத்தளத்தை லெப்டொப்பில் திறந்து காட்டினார். "அண்ணே, தட்டினதும் வருது பாருங்க" என்றார். வந்தது. சரி, பஸ் ஸ்டாண்டுக்குப் போய் போன் டேட்டாவில் திறங்க என்றேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் செய்த அதே பிழை. அதையும் அதோடு சேர்ந்த சில பிழைகளையும் இங்கே சொல்கிறேன்.

திரையில் சுருக்கினால் படம் சுருங்காது

ஹப்புத்தளையில் நாலு அறை உள்ள ஒரு தங்குமிடத்துக்குத் தளம் செய்து கொடுத்தேன். முகப்பில் 14 படங்கள். கெமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றினேன், ஒவ்வொன்றும் 5 எம்பி. திரையில் சின்னதாகத் தெரிந்ததால் படமும் சின்னதாகிவிட்டது என்று நம்பினேன். 4000 பிக்சல் அகலப் படத்தை 400 பிக்சல் கட்டத்துக்குள் வைத்தாலும் போன் முழுப் படத்தையும் இறக்கித்தான் ஆக வேண்டும். மொத்தம் 70 எம்பி. எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி, ஆகவே நொடிக்கு 2 மெகாபிட் வரும் சிக்னலில் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம்.

அங்கே வருகிறவர்களில் பலர் நானுஓயாவில் ரயில் ஏறிய பிறகுதான் இரவுக்கு அறை தேடுகிறார்கள். பட்டிப்பொல தாண்டினால் சுரங்கம் வரும், சிக்னல் போகும். ஐந்து நிமிடம் யார் காத்திருப்பார்கள்? அடுத்த தங்குமிடத்தைத் தட்டிவிடுவார்கள். தங்குமிடம் நடத்தும் அக்கா காரணம் தெரியாமல் படுக்கை விரிப்பை மாற்றினார், காலைச் சாப்பாட்டில் ஒரு கறி கூட்டினார், கடைசியில் வாடகையையும் குறைத்தார். ஒரு சீசன் அப்படியே போனது. அவரிடம் ஒரு குறையும் இல்லை, குறை என் படங்களில் இருந்தது. இன்றும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

படங்களை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற, படத்தைச் சிறிதாக்கும் கோப்பு வடிவில் சேமித்தேன். ஒன்று 150 கேபி. 70 எம்பி இருந்த முகப்பு 2 எம்பி ஆனது. அரை நாள் வேலைகூட இல்லை.

ஒபிஸில் மட்டும் சோதிப்பது

நாம் பத்துத் தடவை திறந்த தளத்தின் படங்கள் நம் பிரவுசரிலேயே சேமிப்பில் கிடக்கும். அதனால்தான் தட்டினதும் வருகிறது. குரோம் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் அந்தச் சேமிப்பை நிறுத்தி, வேகத்தையும் குறைத்துப் பாருங்கள்.

அப்புறம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு லயத்துக்கும் போய்ப் பாருங்கள். பல இடங்களில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை மேட்டில் நின்றால்தான் சிக்னல் எட்டும். அங்கே ஒரு பிள்ளை கோர்ஸ் விண்ணப்பம் நிரப்புகிறது. பக்கம் பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் கரைவது அம்மா போனுக்கு ரீலோட் போட்ட காசு.

முதல் படத்துக்கும் லேஸி லோடிங்

லேஸி லோடிங் என்றால், ஆள் கீழே தள்ளி அந்த இடத்துக்கு வரும்போதுதான் படத்தை இறக்குவது. முதல் படத்துக்கு அதைப் போடாதீர்கள். கீழே உள்ள படங்கள் காத்திருக்கலாம், மேலே உள்ளது முதலில் வர வேண்டும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிவதைத்தான் கூகுள் நல்ல வேகம் என்கிறது.

ஸ்லைடர்

முகப்பில் படங்கள் மாறி மாறி நகரும் பட்டை. வேண்டாம்.

தம்பிக்கு இன்னும் ஒன்பது படம் குறைக்கப் பாக்கி. முடித்ததும் கொட்டகலை பஸ்ஸில் வரும்போதே திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.