வாசல்படியை எண்ணுங்கள்: செட்டிநாட்டு ஊர்களில் கட்டட ஆய்வுக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஊரின் அமைப்பு கெடாமல் காக்க வேண்டும் என்று நாலு பேர் கூடிக் குழு அமைத்தால், முதல் கூட்டம் பெரும்பாலும் சுவர் வண்ணத்திலேயே போய்விடுகிறது. மஞ்சளா வெள்ளையா, பெயர்ப்பலகை எத்தனை அடி, முகப்பில் கம்பிக் கேட் வைக்கலாமா என்று இரண்டு மணி நேரம். அதே நேரம் தெருமுனையில் ஜல்லி கொட்டிக் கிடக்கும். அடுத்த வாரம் சிமெண்ட் சாலை வரப்போகிறது. கூட்டக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

செட்டிநாட்டு ஊர்த்தொகுப்புகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் ஒரு செங்கல்லைக்கூடக் காப்பாற்றாது. வேலை தொடங்குமுன் ஊருக்குள்ளிருந்தே ஒருவர் வந்து, எதைச் செய்யப் போகிறீர்கள், எதை வைத்துச் செய்யப் போகிறீர்கள் என்று கேட்பதுதான் காப்பாற்றும். புதிதாக இதைத் தொடங்குகிறவர்கள், முன்பு தொடங்கியவர்கள் சறுக்கிய இடத்திலேயே சறுக்குகிறார்கள். வீட்டை இடிக்காதீர்கள், முகப்பில் கண்ணாடி ஒட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடலாம்.

தெரு மட்டத்தை ஆய்வில் சேர்க்காதது

மற்றத் தவறுகள் ஒரு வீட்டைக் கெடுக்கும். இது ஒரு தெருவையே கெடுக்கும். ஆனாலும் குழுக்களின் விண்ணப்பப் படிவத்தில் ‘சாலை’ என்ற சொல்லே இருப்பதில்லை. எத்தனை முறை சொன்னாலும் இது மாறாமல் இருப்பது வேதனையாகத்தான் இருக்கிறது.

செட்டிநாட்டு வீடு தெருவிலிருந்து ஏறிக்கொண்டே போகும். இரண்டு மூன்று படி, அதற்கு மேல் திண்ணை, பிறகு நிலைப்படி, உள்ளே முற்றத்தைச் சுற்றிய வளவு. மழைநீர் இதற்கு எதிர்த்திசையில் இறங்கி வரும். நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்தில் விழும் நீரில் வேண்டியதை அண்டாவிலும் கிணற்றிலும் சேர்த்துக்கொள்வார்கள். மிச்சம் தரைக்கு அடியில் தூம்பு என்ற குழாய் வழியாக, வாறுகால் என்ற தெரு வடிகாலுக்கு வந்து, அங்கிருந்து ஊருணிக்குப் போகும். இதில் எங்கும் மோட்டார் இல்லை. சரிவு ஒன்றையே நம்பி ஊர் கட்டப்பட்டிருக்கிறது.

அந்தச் சரிவைத்தான் புதுச் சாலை கெடுக்கிறது. இருக்கும் சாலையின் மேல் தார் மட்டும் போட்டால் ஒரு முறைக்கு 2.5 முதல் 5 செ.மீ. ஏறும். அடியில் ஜல்லி அடுக்கு ஒன்று சேர்த்தால் இன்னும் 7.5 செ.மீ. சிமெண்ட் சாலையில் கான்கிரீட் மட்டும் 15 முதல் 20 செ.மீ., அதற்கு அடியில் சுமார் 10 செ.மீ. வாசல்படி ஒன்றின் உயரம் ஏறக்குறைய 15 செ.மீ. பழைய சாலையைத் தோண்டாமல் அதன் மேலேயே சிமெண்ட் சாலை போட்டால், ஒரே வாரத்தில் தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் இரண்டு படி குறைந்துவிடும்.

ஐப்பசியில் முதல் பெருமழை வரும்போது தூம்பின் வாய் சாலைக்குக் கீழே கிடக்கும். முற்றத்து நீர் வெளியே போகாது, தெருத் தண்ணீர் அதே வழியாக உள்ளே வரும். வீட்டுக்காரர் தூம்பை அடைப்பார். அடைத்தபின் முற்றத்தில் விழும் மழைக்குப் போக்கிடம் இல்லாததால், மேலே பாலிகார்பனேட் ஷீட் போடுவார். வீட்டுக்குள் சேரும் சூடு மேலே போக இருந்த ஒரே வழி அதோடு அடைபட்டுப் போகும். ஷீட் போடலாமா என்று கேட்டு அவர் குழுவின் முன் வந்து நிற்பது இந்தக் கட்டத்தில்தான். ‘முற்றத்தை மூடக் கூடாது’ என்று குழு எழுதிக் கொடுக்கும். தண்ணீரை எங்கே விடுவது என்று அவர் திருப்பிக் கேட்டால் குழுவிடம் பதில் இருக்காது. அந்தக் கேள்விக்கான பதில் இரண்டு வருடம் முன்பு சாலை மதிப்பீட்டில் எழுதியிருக்க வேண்டியது.

தெருப் பக்கச் சுவர் இன்னும் மோசமாகக் கெடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை மேலே இழுக்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த ஈரம் வெளியேறிக் காய்ந்துவிடும், கூடவே வரும் உப்பும் மேலே பொடியாக உதிர்ந்துபோகும். சாலை ஏறியதும் முன்பு காற்றில் நின்ற சுவர்ப்பகுதி ஈர மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது, ஓதம் ஏறுகிறது. கொத்தனார் வந்து, பொரிந்த பூச்சை மூன்றடி உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு, வாட்டர்ப்ரூஃப் கலந்த சிமெண்ட் பூசுவார். ஒரு வருடம் பளிச்சென்று இருக்கும். சிமெண்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழி தேடி ஏறிக்கொண்டே போகும்.

அப்படிப்பட்ட சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். இடுப்பு உயரத்தில் கோடு போட்டது போல ஒரு விளிம்பு இருக்கும். கீழே மங்கிய சாம்பல் சிமெண்ட். விளிம்புக்குச் சற்று மேலே, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய பூச்சு தொடங்கும் இடத்தில், பஞ்சு ஒட்டியது போல உப்பு பூத்திருக்கும். விரல் முட்டியால் தட்டினால் உள்ளே பொள்ளலாகக் கேட்கும். நகம் பட்டாலே ஒரு சில்லு கையோடு வந்துவிடும். வெளிப்பக்கம் மெல்லிய பளபளப்பான தோல், அதற்குப் பின்னால் சுண்ணாம்பும் மணலும் கலந்த முரட்டுப் பூச்சு, அதற்கும் பின்னால் பொடியாகிப்போன செங்கல். அடுத்த வருடம் கொத்தனார் ஐந்தடிக்குச் சிமெண்ட் பூசுவார். அதற்கடுத்து மர நிலையின் அடி உளுத்துப்போகும். இழைத்த பூச்சில் ஒட்டுப் போட்டால் தனியாகத் தெரியும் என்பதால், கடைசியில் முழுச் சுவரையும் உரித்துப் பூச வேண்டிவரும்.

சாலை வருமுன் குழு செய்ய வேண்டிய வேலை இரண்டு நாள் வேலைதான். உள்ளே இருக்கும் தண்ணீர் தெரிகிற அரை அங்குல பிளாஸ்டிக் டியூப் 15 மீட்டர் வாங்குங்கள். காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள், குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். ஊரில் அசையாத ஒரு கல்லை, கோயில் மண்டபத்தின் அடிக்கல் அல்லது ஊருணிப் படித்துறைக் கல்லை, அடிப்படை மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வீடு வீடாக ஐந்து மட்டம் எடுக்க வேண்டும்: சாலையின் நடு, வாறுகாலின் அடி, தூம்பின் வாய், முற்றத்துத் தரை, நிலைப்படி. தெரு முடிந்ததும் தொடங்கிய கல்லுக்கே திரும்பி வந்து சரிபாருங்கள். வித்தியாசம் 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் நடுவில் எங்கோ பிழை. திரும்ப எடுங்கள்.

அந்தக் கணக்கை வைத்து மூன்று வரியில் தீர்மானம் எழுதலாம். முடிந்த சாலையின் நடு மட்டம் இப்போது இருப்பதைவிட ஏறக் கூடாது. வாறுகாலின் அடி எந்தத் தூம்பின் வாய்க்கும் 15 செ.மீ.யாவது கீழே இருக்க வேண்டும். வாறுகாலுக்கு 100 மீட்டருக்கு 30 முதல் 50 செ.மீ. வரை சரிவு வேண்டும். ஊராட்சி என்றால் இதைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது. பேரூராட்சி என்றால் மன்றக் கூட்டத்துக்கு முன் வார்டு உறுப்பினர் கையில் கொடுங்கள்.

எப்போது கொடுக்கிறீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்தபின்பே புதிய சாலை போட வேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலர் 2021இலேயே உத்தரவிட்டார். ஆனால் தோண்டி எடுப்பதும், எடுத்ததை அள்ளிக்கொண்டு போவதும் மதிப்பீட்டில் தனி இனங்களாக இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரருக்கு அதற்குக் காசு கிடையாது, அவர் செய்யவும் மாட்டார். டெண்டர் முடிந்தபின் தெருவில் நின்று வாதாடிப் பயனில்லை. மதிப்பீடு தயாராகும் போதே ஒன்றியப் பொறியாளரிடம் மட்டக் கணக்கோடு போய் உட்காருங்கள்.

சாலை ஏற்கெனவே ஏறிவிட்டதா? சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குச் சாலையை வெட்டி எடுத்து, அடித்தளக் கற்களுக்குக் கீழே போகாமல் தோண்டி, வாறுகால் பக்கம் சரிவு கொடுத்து ஜல்லி நிரப்புங்கள். சிமெண்ட் பூச்சை உப்புக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை உரித்து, பங்குனி முதல் ஆனி வரை செங்கல்லைத் திறந்து காயவிடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். பிறகு ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், பூச்சுக்குப் பூச்சு 10–12 மி.மீ.க்கு மேல் போகாமல், ஒவ்வொன்றும் இறுகியபின் அடுத்தது.

பங்காளிகளில் ஒருவரிடம் மட்டும் பேசுவது

ஊரில் இருப்பவர் ஒருவர். பங்கு இருப்பவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருபது பேர். இங்கே இருப்பவர் எல்லாவற்றுக்கும் சரி என்பார். இன்னொருவர் விடுமுறையில் வந்து வளவில் தன் பங்காக உள்ள அறைகளான இரட்டை வீட்டுக்கு மட்டும் கான்கிரீட் கூரை போட்டுவிட்டுப் போவார். பங்காளிகள் எல்லோரும் ஓரிடத்தில் சேர்வது முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான். அந்த நாளில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். கூரை, முற்றம், தெருச்சுவர் மூன்றும் பொது, தனியாகக் கைவைப்பதில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

விண்ணப்பம் வரட்டும் என்று காத்திருப்பது

வராது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர் சுயசான்று கொடுத்தே உடனடி அனுமதி பெறலாம். நீங்கள் கேள்விப்படும்போது அஸ்திவாரம் முடிந்திருக்கும். கதவையும் தூணையும் கழற்றி விற்பதற்கு யாரும் வரைபடம் கொடுப்பதில்லை. ஊரில் வேலை செய்யும் கொத்தனார், தச்சர், ஓடு மாற்றுகிறவர் ஆகியோரைக் குழுவில் சேருங்கள். எந்த வீட்டில் என்ன நடக்கப் போகிறது என்பது அவர்களுக்கு ஒரு மாதம் முன்பே தெரியும். வெளியூரிலிருந்து வரும் கட்டடக்கலை நிபுணர் குழுவில் ஒருவர் இருந்தால் போதும்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது

ஊர்க் குழுவுக்குத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. ஒரு முறை மிரட்டினால் அடுத்த வீட்டுக்காரர் வாசலைத் திறக்க மாட்டார். சட்டம் உண்மையிலேயே பொருந்தும் இடத்தை மட்டும் தெரிந்து வைத்திருங்கள். திருமயம் கோட்டை போல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். உள்வட்டத்தில் பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். மற்ற இடங்களில் உங்கள் கையில் இருப்பது பேச்சும், நல்ல கொத்தனாரின் பெயரும்தான்.

புது வீட்டுக்குப் பழைய வேஷம் போடச் சொல்வது

அச்சில் வார்த்த தூண், பைபர் கதவு, மேலே ஒட்டிய ஓடு. பத்து அடி தூரத்திலிருந்தே போலி என்று தெரியும், பக்கத்தில் நிற்கும் நிஜ வீட்டையும் அது மலிவாக்கிவிடும். புது வீட்டிடம் மூன்று மட்டும் கேளுங்கள்: தெருக்கோடு, திண்ணை உயரம், வானம் பார்த்த முற்றம். முன்பக்கம் இடம் விட்டாக வேண்டிய மனை என்றால், சுற்றுச்சுவரைத் தெருக்கோட்டில் பக்கத்து வீட்டுச் சுவரோடு சேர்த்து எழுப்பச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அவர் விருப்பம்.

ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம்

ஒழுகும் கூரைக்குப் பெரும்பாலும் ஓடு மாற்றினாலே போதும். உடைந்ததை எடுத்து, நல்லதைத் தட்டி, திரும்ப அடுக்கச் சொல்லுங்கள். புரட்டாசிக்குள் முடிய வேண்டும். இடிக்கிற வீட்டின் நாட்டு ஓடுகளை ஊர்ப் பொதுவில் வாங்கி அடுக்கி வையுங்கள், மாற்றுக்கு ஓடு கிடைப்பதுதான் கஷ்டம்.

ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட்

வேண்டவே வேண்டாம். ஆத்தங்குடிக் கல் என்பது சிமெண்டில் செய்த வண்ணத் தரை ஓடு. ஆசிட் அதன் மேல் வண்ணத்தை அரித்துவிடும், அது திரும்ப வராது. துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தேயுங்கள்.

வண்ணம்

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கட்டும், பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம். நிறம் எதுவாக இருந்தாலும் சரி.

படம் இல்லாமல் தொடங்குவது

முகப்பை அழகாக எடுத்த படங்கள் ஆய்வுக்கு உதவாது. வீட்டுக்கு ஆறு படம் போதும்: தெருவோடு சேர்த்து வாசல், தூம்பின் வாய், சுவரின் அடி, நிலையின் அடி, முற்றம், மேலிருந்து கூரை. சுவரடியையும் தூம்பையும் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அடிக்கோலைச் சாய்த்து வையுங்கள். ஒவ்வொரு ஆண்டும் புரட்டாசியில் அதே இடத்தில் நின்று அதே ஆறையும் எடுங்கள். வாசல் படத்துக்குக் கீழே தேதியோடு, எத்தனை படி தெரிகிறது என்ற எண்ணையும் எழுதிவையுங்கள்.